கம்பியை அறுத்தவர்களும் கோபுரத்தை இழந்தவர்களும்

"கேபிளை நிறுத்திவிடு, மாடியில் ஓர் ஆன்டெனாவை நட்டுக்கொள், மீதியை இணையம் பார்த்துக்கொள்ளும்." படித்த நடுத்தர வர்க்கத்தின் இல்லந்தோறும் இந்த அறிவுரை இப்போது உலவுகிறது. ஊடகவியல் துறைகளின் கருத்தரங்குகளில் இதற்கு இன்னும் மதிப்பான பெயர்கள் உண்டு: நுகர்வோர் விடுதலை, திரையின் சனநாயகமயமாதல், மொழிகளின் மலர்ச்சி. இந்த அறிவுரையின் முதற்பாதி இந்தியாவில் பொருளற்றது என்பதை அக்கருத்தரங்குகள் எதுவும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆன்டெனாவை நடலாம். ஆனால் அது வாங்குவதற்கு வானில் ஒன்றுமில்லை.

அறிவுரை பிறந்த நாடுகளில் அது பொருளுள்ளதே. அமெரிக்கா 2009 ஜூன் 12 அன்று முழுத்திறன் நிலையங்களின் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோது, அந்நிலையங்கள் எண்ம ஒளிபரப்பைத் தொடர்ந்தன. இன்றும் அங்கே ஓர் எளிய ஆன்டெனா வாங்கியவர் உள்ளூர் நிலையங்களைக் கட்டணமின்றிக் காண்கிறார். பிரிட்டனில் 2002இல் தொடங்கிய ஃப்ரீவியூ அதே பணியைச் செய்கிறது. அங்கே கேபிளைக் கைவிடுபவர் இழப்பது ஒரு வசதியை மட்டுமே. பொதுவானது எதுவோ அது கூரையின் மேல் அப்படியே நிற்கிறது. இந்தியாவில் கேபிளைக் கைவிடுபவர் நேராகச் சந்தாவின் வாயிலில் போய் நிற்கிறார். இடையில் இருந்த பொதுவெளி இடிக்கப்பட்டுவிட்டது. இடித்தபோது எழுந்த ஓசை பல்கலைக்கழகங்களின் காதுக்கு எட்டவில்லை.

இடிக்கப்பட்டது எது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய தொலைக்காட்சி, 1982க்குப் பின் குறைதிறன் அஞ்சல் நிலையங்கள் வழியே நாடெங்கும் படர்ந்தது. உச்சக் கட்டத்தில் தூர்தர்ஷனிடம் ஏறத்தாழ 1,400 ஒளிபரப்பிகள் இருந்தன. மக்கள்தொகையில் 90 விழுக்காட்டினரைத் தன் தரைவழி அலைகள் எட்டுவதாக அது சொல்லிவந்தது. வீட்டு மாடிகளில் மீன்முள் போல நின்ற அந்த அலுமினியக் கம்பிகளே அந்தப் பரப்பின் மறுமுனை. அவை எல்லையையும் மதிக்கவில்லை. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் திருப்பிவைக்கப்பட்ட ஆன்டெனாக்கள் கொழும்பின் ரூபவாஹினியை இழுத்துக்கொண்டன. அதற்கு யாரும் மாதக் கட்டணம் கேட்கவில்லை.

பின்னர் இந்தக் கோபுரங்கள் படிப்படியாக அணைக்கப்பட்டன. எல்லைப்புறம் போன்ற, பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள ஏறத்தாழ 50 இடங்களைத் தவிர்த்து, மற்ற அனலாக் ஒளிபரப்பிகளை 2022 மார்ச்சுக்குள் மூடிவிடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. அனலாக் பழமையாகிவிட்டது என்ற காரணத்தில் தவறில்லை. அதன் இடத்தில் எண்மத் தரைவழி ஒளிபரப்பு வந்திருக்க வேண்டும். 2016இல் 16 நகரங்களில் அது தொடங்கவும் பட்டது. ஆனால் அதை வாங்கும் கருவிகளை மக்கள் கையில் சேர்க்கும் திட்டம் இல்லை, புதிய நிகழ்ச்சிகள் இல்லை, விளம்பரம் இல்லை. பின்னர் "யாரும் பார்ப்பதில்லை" என்பதே ஒளிபரப்பைக் கைவிடுவதற்கான காரணமாகச் சொல்லப்பட்டது. கிணற்றுக்கு வாளி கொடுக்காமல், நீர் இறைப்பார் இல்லை என்று கிணற்றை மூடிய கதை இது.

கேபிளின் மீதுள்ள கசப்பு பொய்யானதன்று. அதை ஒப்புக்கொள்ளாமல் இந்த வாதம் நகர முடியாது. 1990களில் தெருவுக்குத் தெரு கம்பி இழுத்த சிறு தொழில்கள் பின்னர் அரசியல் பின்புலமுள்ள பெருநிறுவனங்களின் கீழ் அடங்கின. ஒரு பகுதியில் ஒருவர்தான் கேபிள்காரர்; அவர் வைத்ததே விலை. அந்த ஆதிக்கத்தை எதிர்கொள்ள ஒரு மாநில அரசே தொழிலில் இறங்க வேண்டியிருந்தது என்பதற்குத் தமிழ்நாட்டின் அரசு கேபிள் நிறுவனம் சான்று. 2011இல் அது மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. பின்பு செட்டாப் பெட்டி கட்டாயமானது. 2019இல் நடைமுறைக்கு வந்த டிராயின் புதிய கட்டண முறை, 100 அலைவரிசைகளுக்கு அடிப்படைக் கட்டணமாக 130 ரூபாயும் வரியும் என வரம்பு விதித்து, கட்டண அலைவரிசைகளுக்குத் தனித்தனி விலை வைத்தது. தேர்வு செய்யும் உரிமை என்று சொல்லப்பட்ட அந்தச் சீர்திருத்தத்திற்குப் பின் பல வீடுகளில் கட்டணம் குறையவில்லை. இவ்வளவு தொல்லை கண்ட ஒருவர் கம்பியை அறுத்தெறிவது இயல்பே.

ஆனால் அறுத்தவர் எங்கே போய்ச் சேர்கிறார்? ஒரு சேவைக்கு ஒரு சந்தா. மட்டைப்பந்துக்கு ஒன்று, தாய்மொழிப் படத்துக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. இவற்றைத் தனித்தனியாக வாங்க முடியாதவருக்காக அலைபேசி நிறுவனங்களும் அகல்பட்டை நிறுவனங்களும் இவற்றை ஒரே கட்டாகக் கட்டி விற்கின்றன. கேபிள்காரரின் பழைய மூட்டை வேறு துணியில் கட்டப்பட்டுத் திரும்பி வந்துவிட்டது. வேறுபாடு ஒன்றுதான். பழைய மூட்டைக்குள் சட்டம் ஒரு கட்டாயப் பொருளை வைத்திருந்தது. புதிய மூட்டைக்குள் அது இல்லை.

அந்தக் கட்டாயப் பொருளே இவ்வாதத்தின் மையம். 1995 பிப்ரவரியில், வங்காள மட்டைப்பந்துச் சங்க வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து என்றும் அவை பொதுநலனுக்காகவே பயன்படுத்தப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, குறிப்பிட்ட தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கேபிள்காரர் கட்டாயம் கொண்டுசெல்ல வேண்டும் என்றது. 2007ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் ஒளியலைகளைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்றது. அதன் தரைவழி வலையமைப்பும் இல்லத்துக்கு நேரடியான செயற்கைக்கோள் வலையமைப்பும் அவற்றை மக்களுக்குக் கட்டணமின்றிக் கொண்டுசெல்லும் என்பது ஏற்பாடு. 2017இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைக் கறாராகப் பொருள்கொண்டது: பகிரப்பட்ட ஒளியலை அந்த இரண்டு வலையமைப்புகளுக்கு மட்டுமே உரியது, கேபிள் வழியே செல்லக்கூடாது.

சட்டம் இரண்டு கால்களில் நின்றது. அவற்றுள் ஒன்றான தரைவழி வலையமைப்பை அரசே வெட்டிவிட்டது. ஆன்டெனா வைத்திருக்கும் ஏழைக்கும் ஆட்டம் தெரிய வேண்டும் என்று எழுதப்பட்ட விதி, ஆன்டெனாவே இல்லாத நாட்டில் பாதி வெற்றெழுத்தாகக் கிடக்கிறது. இணையவழிச் சேவைகளின் மீதோ இத்தகைய கடமை எதுவும் இல்லை. 2023இல் வெளியான ஒளிபரப்புச் சேவைகள் மசோதா வரைவு அச்சேவைகளையும் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றது; அதன் மையத்தில் இருந்தவை நிகழ்ச்சி விதிகளும் உள்ளடக்க மதிப்பீட்டுக் குழுக்களும். எதைச் சொல்லக்கூடாது என்பதில் அரசுக்கு அக்கறை உண்டு. எதை, எந்த மொழியில், யாருக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதில் இல்லை. கத்தரிக்கோல் கூர்மையாக இருக்கிறது, கடமைதான் மழுங்கிப்போயிற்று.

இனி மொழிக்கு வரலாம். மொழியியல் துறைகள் வாய்மூடி இருப்பது இங்கேதான் அதிகம் உறுத்துகிறது.

ஒளிபரப்புக்கும் இணைய ஓடைக்கும் உள்ள தொழில்நுட்ப வேறுபாடு எளியது. ஆனால் அதன் விளைவு பெரியது. கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, கேட்பவர் பத்துப் பேரானாலும் பத்து இலட்சம் பேரானாலும் ஒரே மின்சாரத்தைத்தான் செலவழிக்கிறது. புதிதாக ஒரு வீடு ஆன்டெனா நட்டால் கூடுதல் செலவு சுழியம். இணைய ஓடையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பார்வையும் ஒரு செலவு, ஒரு கணக்கு, ஒரு பதிவு. 'ஒளிபரப்பு' என்ற சொல்லே இதைச் சொல்கிறது. பரப்புவதற்குப் பெறுநர் முகவரி தேவையில்லை. விதைப்பவன் மண்ணிடம் பெயர் கேட்பதில்லை. ஓடைச் சேவை முதலில் கேட்பது பெயரையும் அலைபேசி எண்ணையும்தான். எவர் எதை எத்தனை மணிக்குப் பார்த்தார், எங்கே நிறுத்தினார் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். கூரையின் மேல் நின்ற கம்பிக்கு அதன் கீழே யார் இருந்தார் என்பது ஒருபோதும் தெரிந்ததில்லை.

இந்தக் கணக்கு மொழிகளைத் தரம் பிரிக்கிறது. பார்வைக்கொரு செலவு என்றால் பார்வைக்கொரு வருவாய் வேண்டும். வருவாய் தராத மொழி நுழைய முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 10,000க்கு மேற்பட்டோர் பேசும் மொழிகளாக 121ஐத் தொகுத்தது. அவற்றுள் 22 எட்டாவது அட்டவணையில் உள்ளன. பீலி மொழிக்குழுவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1 கோடிக்கும் மேல். கோண்டிக்கு 29 இலட்சத்துக்கும் மேல். குருக்குக்கு ஏறத்தாழ 20 இலட்சம். துளுவுக்கு 18 இலட்சத்துக்கும் மேல். இந்நான்கும் அட்டவணைக்கு வெளியே நிற்கின்றன. உள்ளே இருக்கும் சந்தாலிக்கு 73 இலட்சம் பேர். பெரிய ஓடைச் சேவைகள் தம் மொழிப் பட்டியலைப் பெருமையோடு காட்டும்போது, அதில் இந்த ஐந்தில் எத்தனை உள்ளன என்று கேட்பதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை.

அந்தப் பட்டியலும் எதைக் கணக்கிடுகிறது? பெரும்பாலும் குரல்மாற்றத்தை. இந்தியிலோ கொரியனிலோ ஆங்கிலத்திலோ எடுக்கப்பட்ட தொடர் ஏழெட்டு இந்திய மொழிகளில் பேசவைக்கப்படுகிறது. உதட்டசைவுக்கு ஏற்ப வெட்டி ஒட்டப்பட்ட அந்த மொழியை உலகில் எந்தத் தெருவும் பேசுவதில்லை. ஒரு மொழியில் உருவாக்குவதும் ஒரு மொழிக்கு மாற்றுவதும் வேறு வேறு வினைகள். முன்னது அந்த மொழியின் எழுத்தாளரையும் நடிகரையும் ஒலிப்பதிவாளரையும் வாழவைக்கிறது; பின்னது அவர்களுள் சிலருக்குச் சில நாள் கூலி கொடுக்கிறது. இவ்விரண்டையும் 'பன்மொழி உள்ளடக்கம்' என்ற ஒரே கூடையில் போடும் ஆய்வுக்கட்டுரைகள், சந்தையின் விளம்பரத்தை அடிக்குறிப்புகளுடன் மறுபதிப்புச் செய்கின்றன.

இந்தியா வேறொன்றையும் செய்து பார்த்திருக்கிறது. 1975–76இல் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் நடந்த சைட் சோதனை, இந்தி, கன்னடம், ஒடியா, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் நிகழ்ச்சிகளைக் கொண்டுசென்றது. அதனோடு சேர்ந்து குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் என்ற ஊரில், 1 கிலோவாட் அளவிலான ஒரு சிறு ஒளிபரப்பி நின்றது. செயற்கைக்கோள் நான்கு பெருமொழிகளில் பேசியபோது, அந்தச் சிறு கோபுரம் அவ்வட்டாரத்து மக்களின் பேச்சில், அவர்களது கூலிச் சிக்கலையும் சாதிக் கொடுமையையும் நாடகங்களாக்கிப் பேசியது. 1984இல் அதற்கு யுனெஸ்கோவின் விருது கிடைத்தது. பாடம் தெளிவானது. அலையின் வட்டம் எவ்வளவோ அவ்வளவே மொழியின் வட்டம். ஒரு துணைக்கண்டத்தை மூடும் கற்றை பெருமொழியைத் தேடும். ஒரு வட்டத்தை மூடும் கோபுரம் வட்டார மொழியைத் தாங்கக்கூடியது. பின்னாளில் நாடெங்கும் எழுந்த குறைதிறன் நிலையங்களில் மிகப்பல தில்லியை அஞ்சல் செய்வதோடு நின்றன என்பது உண்மை. அது கோபுரத்தின் குற்றமன்று. அதை இயக்கியவர்களின் குற்றம். ஆயினும் கோபுரம் நின்றவரை கேடா மீண்டும் நிகழ வாய்ப்பிருந்தது. இப்போது அந்த வாய்ப்பும் சேர்த்தே ஆக்கர் கடைக்குப் போய்விட்டது.

பிற நாடுகளில் சிறுமொழிகள் என்ன செய்தன? வேல்சில் ஒரு வெல்ஷ் மொழி அலைவரிசைக்கான வாக்குறுதியிலிருந்து அரசு பின்வாங்கியபோது, 1980இல் க்வின்ஃபார் எவன்ஸ் என்ற அரசியல் தலைவர் உண்ணாநோன்பு இருக்கப்போவதாக அறிவித்தார், அரசு பணிந்தது, 1982 நவம்பரில் எஸ்4சி பிறந்தது. அயர்லாந்தில் இயக்கங்களின் நெடும் போராட்டத்திற்குப் பின் 1996இல் ஐரிஷ் மொழி அலைவரிசை வந்தது. நியூசிலாந்தில் மாவோரித் தொலைக்காட்சி 2004இல் தொடங்கியது. இந்தப் போராட்டங்கள் கேட்டது சந்தாப் பட்டியலில் ஓர் இடத்தையன்று; ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் கட்டணமின்றித் தெரியும் ஓர் அலைவரிசையை. 2021 கணக்கெடுப்பின்படி வேல்சில் வெல்ஷ் பேசுவோர் ஏறத்தாழ 5,38,000. கோண்டி பேசுவோர் அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். கோண்டிக்கென ஒரு முழுநேரப் பொது அலைவரிசை வேண்டும் என்ற கேள்வி இந்தியாவின் எந்தக் கொள்கை ஆவணத்திலும் ஒரு கேள்வியாகக்கூட உருப்பெறவில்லை. எண்ணிக்கை போதவில்லை என்ற விடையை இனி யாரும் சொல்ல வேண்டாம்.

மறுப்புகள் உண்டு, அவற்றைத் தட்டிக்கழிப்பது முறையாகாது.

முதல் மறுப்பு மொழியியலுக்குள்ளிருந்தே எழும். மொழி மீட்சியைப் பற்றி எழுதிய ஜோஷுவா ஃபிஷ்மன், ஊடகத்தின் மீது மிகை நம்பிக்கை வைப்பதை எச்சரித்தார். வீட்டுக்குள் தாயிடமிருந்து சேய்க்கு மொழி கடத்தப்படாவிட்டால் எந்த அலைவரிசையும் அதைக் காப்பாற்றாது என்பது அவர் நிலைப்பாடு. அது சரியே. ஆனால் வீட்டுக்குள் இப்போது பேசுவது யார்? தாய் வேலைக்குப் போன நேரத்தில் குழந்தையோடு இருப்பது திரை. அந்தத் திரை வேற்றுமொழி மட்டுமே பேசுமானால், கடத்தல் அறுபடுவது வீட்டின் நடுவிலேயே. ஒரு மொழியின் உயிர்ப்பை அளக்க 2003இல் யுனெஸ்கோ வல்லுநர்கள் வகுத்த ஒன்பது காரணிகளுள் ஒன்று, புதிய களங்களையும் ஊடகங்களையும் அம்மொழி எதிர்கொள்ளும் விதம். ஊடகம் போதுமானது என்று யாரும் சொல்லவில்லை. தேவையற்றது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இரண்டாம் மறுப்பு: யூடியூபில் சந்தாலிப் பாடல்களும் கோண்டி நிகழ்ச்சிகளும் துளு நகைச்சுவையும் பெருகிக் கிடக்கின்றனவே? கிடக்கின்றன; அவற்றை உருவாக்கும் இளைஞர்கள் பல்கலைக்கழகங்களைவிட அதிகமாக அம்மொழிகளுக்குச் செய்திருக்கிறார்கள். ஆனால் அது அவர்களது சொந்தப் பணத்தில், சொந்த நேரத்தில் நடக்கும் உழைப்பு. நாளை நிறுவனத்தின் பரிந்துரை முறை மாறினால் அந்தக் காட்சிகள் இருந்த இடம் தெரியாது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சி, செய்தி, வேளாண்மை, உடல்நலம் ஆகிய செலவு மிக்க, வருவாய் குறைந்த வகைகள் அங்கே வளர்வது அரிது. தன்னார்வலரின் தியாகத்தைக் காட்டி அரசின் கடமையைத் தள்ளுபடி செய்வது பழைய தந்திரம். தவிர, அந்தக் காட்சிகளைக் காண ஒரு கருவி வேண்டும். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் அலைபேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காடு, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57. அதே ஆய்வு தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகள் 68 விழுக்காடு என்கிறது. அதன்பின் எண்கள் உயர்ந்திருக்கும். ஆயினும் வீட்டின் பொதுத்திரை ஒன்று, தனித்திரைகள் பல என்று பிரியும்போது, கடைசித் தனித்திரை யாருக்குக் கிடைக்கும் என்பதை இந்தியக் குடும்பத்தை அறிந்தவர் அறிவர்.

மூன்றாம் மறுப்பு: டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறதே? இந்தியாவில் ஆன்டெனாவுக்கு மிக நெருங்கிய மாற்று அதுவே. 2004 டிசம்பரில் தொடங்கியது. மாதக் கட்டணம் இல்லை. ஒரு சிறு டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் அதைப் பயன்படுத்துவதாகத் தொழில்துறை மதிப்பீடுகள் சொல்கின்றன. ஓடைச் சேவைகளைப் பற்றி நூறு கட்டுரை எழுதும் ஆய்வுலகம் இந்த 4 கோடி வீடுகளைப் பற்றி ஒன்றிரண்டு எழுதினாலே வியப்பு. ஆய்வாளர்களின் வீடுகளில் ஃப்ரீ டிஷ் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் சொல்வது கடினம். ஆனால் அதன் தனியார் இடங்கள் மின்னேலத்தில் விற்கப்படுகின்றன. ஏலத்தில் வெல்வது விளம்பரச் சந்தை பெரிதாக உள்ள மொழி. ஆகவே அந்தத் தொகுப்பில் இந்தி மேலோங்கியிருப்பதில் வியப்பில்லை. பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை அதிக விலை கேட்பவருக்கு விற்றுவிட்டு, கிடைத்த பணத்தைப் பொதுநலன் என்று கணக்கில் எழுதுகிறார்கள்.

நான்காம் மறுப்புதான் கடுமையானது: தூர்தர்ஷன் என்றும் ஆள்வோரின் ஊதுகுழலாகவே இருந்தது, அதன் கோபுரங்களுக்காக எதற்கு அழ வேண்டும்? நெருக்கடி நிலைக் காலத்தை மறந்தவர் யாருமில்லை. 1990இல் இயற்றப்பட்ட பிரசார் பாரதிச் சட்டம் 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. அது வாக்களித்த தன்னாட்சி இன்றுவரை தாளில் இருக்கிறது. இவை அனைத்தும் உண்மை. ஆனால் ஆசிரியர் சரியில்லை என்பதற்காகப் பள்ளிக்கூடத்தை விற்பது தீர்வாகாது. அரசின் பிடியிலிருந்து தப்ப ஓடைச் சேவைகளிடம் போனவர்கள், அரசின் சினத்துக்கு அஞ்சி அச்சேவைகளே தம் படங்களை முன்கூட்டித் தணிக்கை செய்துகொள்வதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். பொது நிறுவனம் பிழை செய்தால் நாடாளுமன்றத்தில் கேட்கலாம், நீதிமன்றத்தில் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். ஓர் ஓடைச் சேவை ஒரு மொழியை ஏன் கைவிட்டது என்று கேட்பதற்கு எந்தக் கதவும் இல்லை.

பெருந்தொற்றின் முதலாண்டு இதைச் சோதித்துக் காட்டியது. பள்ளிகள் மூடப்பட்டபோது 'இணையவழி வகுப்பு' என்று தொடங்கியவர்கள், விரைவில் தொலைக்காட்சியிடமே திரும்ப வேண்டியிருந்தது. கேரளம் 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் அலைவரிசையில் வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. ஒன்றிய அரசு வகுப்புக்கொரு அலைவரிசை என்று அறிவித்து, 2022 நிதிநிலை அறிக்கையில் 12ஐ 200 ஆக்கப்போவதாகச் சொன்னது. ஒரே நேரத்தில், எல்லோருக்கும், தரவுக் கட்டணமின்றி ஒன்றைக் கொண்டுசேர்க்க வேண்டிய நாளில், பரப்புதலுக்கு ஈடு வேறில்லை என்பதை ஆட்சியாளர்களே அப்போது ஒப்புக்கொண்டார்கள்.

கதவு இன்னும் முழுதாக மூடவில்லை. இணைய இணைப்பே இன்றி அலைபேசிக்கு நேரடியாக ஒளிபரப்பும் தொழில்நுட்பத்தை ஐ.ஐ.டி. கான்பூரும் பிரசார் பாரதியும் பிறரோடு சேர்ந்து சோதித்துவருகின்றன. அதற்குக் கோபுரங்கள் வேண்டும். ஒளிபரப்புக்குரிய அலைக்கற்றை வேண்டும். அலைபேசி நிறுவனங்கள் அத்திட்டத்தை வரவேற்கவில்லை. ஓடையில் நீர் விற்பவர் மழையை விரும்புவாரா? இந்தக் கற்றை யாருக்கு என்ற முடிவு எடுக்கப்படும்போது, மேசையில் பொறியாளர்களும் நிதியாளர்களும் நிறுவன வழக்கறிஞர்களும் இருப்பார்கள். மொழியைப் பேச ஒருவரும் இருக்கமாட்டார். மொழியைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டவர்கள் வசனவரிகளின் தரவுத்தொகுப்பைக் கொண்டு அடுத்த கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கேட்க வேண்டியவை நான்கு. கைவிடப்பட்ட ஒளிபரப்பு அலைக்கற்றையில் ஒரு பகுதி, விற்கவோ ஏலம் விடவோ இயலாதபடி, கட்டணமில்லா எண்ம ஒளிபரப்புக்கெனச் சட்டத்தால் ஒதுக்கப்பட வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷில் ஏலத்துக்கு அப்பாற்பட்ட மொழி இடங்கள் வேண்டும். அட்டவணை மொழிகளோடு நில்லாமல், 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பேசும் ஒவ்வொரு மொழிக்கும் அது உரிமையாக வேண்டும். ஓடைச் சேவைகள் தம் வருவாயில் ஒரு பங்கைச் சிறுமொழிகளில் புதிதாக உருவாக்கும் பணிக்கு ஒதுக்க வேண்டும். குரல்மாற்றம் அதில் கணக்காகாது. நான்காவது பல்கலைக்கழகங்களுக்கு: மொழியியல் துறைகளும் ஊடகத் துறைகளும் டிராயின் ஒவ்வொரு கலந்தாய்வு அறிக்கைக்கும் தம் கருத்தை எழுத்தில் அனுப்ப வேண்டும். அவை எவரும் பதிலளிக்கக்கூடிய திறந்த ஆவணங்கள். நிறுவனங்கள் பதில் எழுதுகின்றன, பேராசிரியர்கள் எழுதுவதில்லை.

கேபிளை நிறுத்துபவர் நிறுத்தட்டும். அந்தக் கம்பியில் காக்கத்தக்கது அதிகமில்லை. ஆனால் நிறுத்திய பின் மாடிக்குப் போய், வெறும் வானத்தை நோக்கி ஓர் ஆன்டெனாவைத் திருப்பிப் பார்க்கட்டும். திரையில் தெரியும் அந்த வெறுமை தொழில்நுட்பத்தின் இயற்கையான முடிவன்று. கோபுரம் கோபுரமாகக் கையெழுத்திட்டு வரவழைக்கப்பட்டது. கையெழுத்திட்டவர்கள் அரசில் இருந்தார்கள். ஏன் என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் வகுப்பறைகளில் இருந்தார்கள்; இப்போதும் இருக்கிறார்கள்.